போர் நிலத்தில் தொழில், அரசுப் பணத்தில் ஒப்பந்தம்: மாநில அதிகாரத்தின் எல்லை

2012 ஜூலையில், தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி பெற்றுவந்த இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேரைத் தமிழ்நாட்டின் எதிர்ப்புக்குப் பின் ஒன்றிய அரசு எலகங்காவுக்கு மாற்றியது. அவர்களை நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற முதல்வர் ஜெயலலிதாவின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஈழப் போரில் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமைகளை முன்வைத்து, இலங்கைமீது பொருளாதாரத் தடை கோரி 2011 ஜூன் 8 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்துக்கும் பலன் கிட்டவில்லை. அயலுறவும் அயல்நாட்டு வணிகமும் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்தால் கோரத்தான் முடிந்தது. ஆனால், தன் கருவூலப் பணத்தில் யாருக்கு ஒப்பந்தம் தருவது என்பதை மாநிலம் முடிவு செய்வதும் அயலுறவாகிவிடுமா? நிறுவனம் எந்த நாட்டில் தொழில் செய்கிறது என்று பாராமல், அங்கே என்ன செய்தது என்று மட்டும் பார்த்தால் அது அயலுறவாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வேறுபாட்டின் முக்கியத்துவத்தை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1996 ஜூனில் பர்மாவில் தொழில் செய்யும் நிறுவனங்களைப் பட்டியலிட்டு, அவை கோரும் விலையோடு 10 விழுக்காடு கூட்டி ஒப்பிடச் சட்டம் இயற்றியது. மூன்று மாதங்களில் அமெரிக்க நாடாளுமன்றம் பர்மாமீது தனித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலச் சட்டம் அதற்கு முட்டுக்கட்டை என்று கூறி, 2000-இல் கிராஸ்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஒரு நாட்டையே குறிவைத்ததுதான் அச்சட்டத்தின் பலவீனம்.

இந்தியாவில் தடை மேலிருந்து வந்தது. சீனாவுடனான கல்வான் எல்லை மோதலுக்குப் பின், 2020 ஜூலை 23 அன்று, நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் முன்பதிவின்றி ஒப்பந்தப்புள்ளி தரக்கூடாது என ஒன்றிய நிதி அமைச்சகம் ஆணையிட்டது. அரசமைப்பின் 257(1) உறுப்பைக் காட்டி மாநிலங்களையும் அதற்குக் கட்டுப்படுத்தியது. இன்று டெண்டர் போடுபவர், தாம் அத்தகைய நாட்டைச் சேர்ந்தவரல்ல அல்லது முறைப்படி பதிவு பெற்றவர் என்று சான்றிட வேண்டும். போர் நடந்த மண்ணில் பறிக்கப்பட்ட நிலத்தில் அந்த நிறுவனம் கட்டடம் எழுப்பியதா என்று அச்சான்று கேட்பதில்லை.

அதைக் கேட்க மாநிலத்துக்கு வழி இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளவிடத்தக்க காரணிகளைக் கொண்டே குறைந்த விலைப்புள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மோதல் பகுதிகளில் செய்த பணிகளை வெளியிடுவதும், நில உரிமை ஆவணங்களைக் காட்டுவதும் சரிபார்க்கத்தக்க நிபந்தனைகளே. சட்டமன்றத் தீர்மானத்துக்கு எட்டு நாள் கழித்து ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வணிக நெறிகளும், அரசு தான் ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்களிடம் மனித உரிமை மதிப்பை வலியுறுத்தச் சொல்கின்றன.

போட்டி குறையும், விலை ஏறும் என்ற எதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஊரப்பாக்கத்தில் தெருவுக்கு வடிகால் கட்டும் சிறு ஒப்பந்தக்காரரிடம் இதைக் கேட்பது வீண்சுமை. அருகிலேயே 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் போன்ற பெரும்பணிகளுக்கு மட்டும் இந்த நிபந்தனை போதும். விலக்கப்படும் நிறுவனத்துக்கு விளக்கமளிக்க வாய்ப்பும் தர வேண்டும். கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன் அது கட்டாயம் என்பதை எருசியன் வழக்கிலேயே (1975) நம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

தில்லியிடம் தடை கேட்கும் தீர்மானங்கள் நம் வேதனையைப் பதிவு செய்தன. அந்த வேதனைக்கு உண்மையாக இருக்க, மாநிலம் தன் கையிலுள்ள டெண்டர் ஆவணத்தைத் திருத்த வேண்டும்.