நெமோவின் சினம்: வெர்னின் நாவலும் 1954-ஆம் ஆண்டுத் திரைப்படமும்

சாகச நாவலொன்றைத் திரைக்குக் கொண்டுவந்தவர் எந்தச் சம்பவத்தை விட்டார், எதைச் சேர்த்தார் என்று கணக்கெடுப்பது விமர்சனத்தின் தொடக்கமேயன்றி முடிவாகாது. கதாநாயகனை இயக்கும் மூலகாரணம் திரையிலும் உயிர்த்திருக்கிறதா என்பதே ஆராயத்தக்கது. ஜூல்ஸ் வெர்ன் 1869-70-இல் தொடர்கதையாக வெளியிட்ட 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் நாவலையும், ரிச்சர்ட் ஃபிளைஷரின் இயக்கத்தில் டிஸ்னி நிறுவனம் 1954 டிசம்பரில் வெளியிட்ட படத்தையும் இவ்வளவுகோலால் அளந்தால், காட்சிச் சிறப்பில் ஈடற்ற அப்படம் மூலத்தின் உயிர்நிலையைக் கைவிட்டதென்றே கூறவேண்டும்.

படத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. வெர்ன் சுருட்டு வடிவில் வருணித்த நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலை, தறையாணி அறைந்த இரும்புத் தகடுகளும் ரம்பப் பல் முதுகும் ஒளிரும் கண்களும் உடைய கடல்விலங்காகவே ஹார்ப்பர் காஃப் சமைத்தார். ஜேம்ஸ் மேசன் நடித்த கப்பல் தலைவன் நெமோ, கல்வியும் கர்வமும் துயரமும் ஒருங்கே திரண்ட பாத்திரம். கலையமைப்புக்கும் தந்திரக் காட்சிகளுக்குமாகக் கிடைத்த இரு ஆஸ்கார் பரிசுகள் தகுதிக்கேற்றவையே.

ஆயினும், நாவலின் இதயமென்று நான் கருதும் நிகழ்ச்சி படத்தில் இல்லை. மன்னார் முத்துச் சலாபத்தில் ஏழை முத்துக்குளிகாரன் ஒருவனைச் சுறா தாக்க, நெமோ குத்துவாளுடன் பாய்ந்து காக்கிறான். முத்துப் பையொன்றையும் அளிக்கிறான். பின்னர், அம்மனிதன் ஒடுக்கப்பட்ட தேசத்தவன் என்றும், தானும் இறுதி மூச்சுவரை அத்தகைய தேசத்தைச் சார்ந்தவனே என்றும் அறிவிக்கிறான். அன்று சுறாவிடமிருந்து நெமோவைக் காத்தவன், கப்பலில் சிறைப்பட்டிருந்த ஈட்டி வேட்டைக்காரன் நெட் லாண்ட். அக்கடனைப் பெருங்கணவாய்ப் போரில் நெட்டைக் காத்து நெமோ தீர்க்கிறான். படத்திலோ மன்னார்க் காட்சி மறைந்ததால் அந்தக் கடனும் மறைந்து, கணவாயின் பிடியிலிருந்து நெமோவை நெட் மீட்பதாகக் கதை தலைகீழாகிறது.

நாவலே நெமோவின் தேசத்தைச் சொல்லவில்லையே என ஆட்சேபிக்கலாம். அவனைப் போலந்து வீரனாக்க வெர்ன் எண்ணியதும், பதிப்பாளர் ஹெட்ஸெல் இசையாததும், அவன் புந்தேல்கண்டு இளவரசன் தக்கார் என்னும் உண்மை 1874-75-இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் வெளிப்பட்டதும் மெய்யே. எனினும் பெயர் மறைந்திருந்ததேயன்றிப் பக்ஷம் மறைந்திருக்கவில்லை. விடுதலைக்காகப் போராடிய கோஷியுஸ்கோ, ஓ'கானல், லிங்கன், ஜான் பிரவுன் ஆகியோரின் படங்கள் அவன் அறையை அலங்கரிக்கின்றன. அவனது பொன் கிரீட் தீவின் கிளர்ச்சியாளருக்குச் செல்கிறது.

படத்தின் நெமோ, வெடிமருந்துக்கு வேண்டிய தாதுக்களை அகழும் தண்டனைத் தீவில் வதைபட்டவன். தன் விஞ்ஞான ரகசியத்தைப் பெறவிழைந்த பெயரற்ற ஒரு நாட்டினரிடம் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவன். படம் வந்த காலச்சூழலையும் நோக்கவேண்டும்: உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி, நாட்டிலஸ் என்னும் அதே பெயருடன், 1954 ஜனவரியில் கடலில் இறங்கியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த படம், அணுகுண்டின் புகைக்காளானை நினைவூட்டும் வெடிப்போடு முடிகிறது. மகாசக்தியை யார் கையாளலாம் என்பதே அதன் கேள்வி. அக்காலத்துக்கு அது அவசியமான கேள்வியுங்கூட.

ஆனால் அது சக்தியுடையோரின் கவலை; வெர்னின் நெமோ எழுப்பியதோ நாடிழந்தோரின் வழக்கு. இந்தியா விடுதலையடைந்து ஏழாண்டுகள் கழிந்து, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அவ்வழக்கையே உலக மன்றத்தில் வாதித்துக்கொண்டிருந்த தருணத்தில், அதைச் சொந்தத் துயராகச் சுருக்கியதனால், புரட்சியாளனொருவன் பரிதாபத்துக்குரிய மேதையாக மட்டும் எஞ்சினான். ஆதலால், இனி இந்நாவலைத் திரைக்கு எடுப்போர் முதலில் மீட்கவேண்டுவது மன்னார்க் கடற்காட்சியையே.