ராகம் தெரியாதா? ஹெப்பகோடியில் இருந்து ராமநவமி கச்சேரிக்குப் போவது எப்படி?

மார்கழி வந்தால் சென்னை நண்பர்கள் சபா டிக்கெட்டையும் கேன்டீன் சாப்பாட்டையும் ஸ்டேட்டஸில் போடுவார்கள். நீங்கள் ஹெப்பகோடியில் பி.ஜி. அறையில் உட்கார்ந்து, 'அடுத்த வருஷமாவது லீவ் போட்டுப் போகணும்' என்று நினைப்பீர்கள். டிசம்பர் கடைசியில் லீவ் கிடைக்காது. கிடைத்தாலும் அது ஊருக்குப் போகவே சரியாக இருக்கும்.

ஆனால் சென்னையின் மார்கழி போலவே பெங்களூருவுக்கும் ஒரு சீசன் உண்டு. அது கோடையில், ராமநவமியை ஒட்டி வருகிறது. அதற்கு 350 கி.மீ. போக வேண்டியதில்லை, மெட்ரோவில் போய்விடலாம்.

போகத் தயங்குபவர்கள் பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் புரியாதே." முதல் கச்சேரிக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

ராமநவமி சீசன் என்றால் என்ன?

யுகாதியையும் சேர்த்து எண்ணினால் ஒன்பதாவது நாள் ராமநவமி. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். இந்த நாட்களில் பெங்களூருவின் பழைய பகுதிகளில் பந்தல் போட்டுக் கச்சேரி வைப்பது வழக்கம். வெல்லம் கரைத்த பானகம், நீர்மோர், பாசிப்பருப்புக் கோசம்பரி ஆகியவற்றை வருபவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள்.

இவற்றில் மிகப் புகழ்பெற்றது சாமராஜ்பேட்டையின் ஸ்ரீ ராமசேவா மண்டலி நடத்தும் விழா. 1939-ல் எஸ்.வி. நாராயணசாமி ராவ் தொடங்கியது. கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில், பந்தலின் கீழ், சுமார் ஒரு மாதம் கச்சேரிகள் நடக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி, செம்பை வைத்தியநாத பாகவதர், மைசூர் சௌடையா எல்லாம் இங்கே மேடை ஏறியவர்கள்.

சென்னை சபாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். மூடிய ஏ.சி. அரங்கத்தில் கேட்பது ஒரு அனுபவம். பந்தலில் ஆலாபனைக்கு நடுவே வெளியே போகும் வண்டியின் ஹாரன் கேட்கும். திடீரென்று கோடை மழையும் பெய்யலாம். அதனாலேயே புதிதாக வருபவருக்குக் கூச்சம் குறைவு.

ஹெப்பகோடியில் இருந்து எப்படிப் போவது?

2025 ஆகஸ்ட் வரை இது பெரிய தலைவலி. ஆபீஸ் முடிந்து ஓசூர் ரோட்டில் பஸ்ஸிலோ கேபிலோ ஏறினால், சில்க் போர்டைத் தாண்டுவதற்குள் கச்சேரி பாதி முடிந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 16 நிலையங்கள், அதில் ஹெப்பகோடியும் ஒன்று. இங்கே ஏறி ஆர்.வி. ரோட்டில் இறங்கி, பச்சைப் பாதையில் மாதவாரா பக்கம் போகும் ரயிலுக்கு மாறுங்கள். ஐந்தாவது நிலையம் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். அங்கிருந்து மைதானம் நடக்கிற தூரம்தான்.

திரும்பி வர கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே மெட்ரோ செயலியில் பார்த்து வையுங்கள். ஆர்.வி. ரோட்டில் ரயில் மாறும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த ஒரு தகவலை வைத்துத்தான் உங்கள் மாலையே அமையும்.

லேட்டாகப் போனால் என்ன இழப்பீர்கள்?

கச்சேரி பொதுவாக இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இன்று நாம் கேட்கும் இந்த அமைப்புக்கு வடிவம் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வார்கள்.

முதலில் பெரும்பாலும் ஒரு வர்ணம். பாடுபவரின் குரலும் கேட்பவரின் காதும் தயாராவதற்கு. பிறகு சில சிறிய கீர்த்தனைகள். சுமார் ஒரு மணி நேரம் கழித்து, ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக விரிப்பார்கள். அதுதான் அன்றைய 'மெயின்'. அது முடிந்ததும் மிருதங்கம், கடம், கஞ்சிரா போன்றவை மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். சில நாள் ராகம் தானம் பல்லவியும் இருக்கும். கடைசியில் துக்கடாக்கள், மங்களம்.

ஆக, 6.30 மணிக் கச்சேரிக்கு நீங்கள் 7.15-க்குப் போய்ச் சேர்ந்தாலும் மெயின் கிடைத்துவிடும். பாட்டு நடக்கும்போது மட்டும் உள்ளே நடக்காதீர்கள். ஓரமாக நின்று, கைதட்டல் வரும்போது போய் உட்காருங்கள்.

முதல் நாள் எதைக் கவனிப்பது?

எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். மூன்று விஷயங்கள் போதும்.

முதலாவது, தாளம். பெரும்பாலான பாடல்கள் ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. கையைத் தொடையில் ஒரு தட்டு தட்டி, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணுங்கள். பிறகு தட்டு, திருப்பு, மறுபடி தட்டு, திருப்பு. எட்டு வந்துவிட்டதா? பக்கத்து நாற்காலி மாமா போடுவதைப் பார்த்துப் போட்டாலே பத்து நிமிடத்தில் பிடிபடும்.

இரண்டாவது, ஆலாபனை. இதில் சொல்லும் இல்லை, தாளமும் இல்லை, ராகம் மட்டும்தான். பாடகர் ஒரு பிடியைப் பாடியதும் வயலின்காரர் அதை எப்படித் திருப்பித் தருகிறார் என்று கேளுங்கள். ஒத்திகை பார்த்து வருவது அல்ல இது, அங்கேயே உருவாகிறது.

மூன்றாவது, உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கும் ராகங்கள். 'கவிக்குயில்' (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய கண்ணன் பாட்டும், 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தில் எல்லோரும் முணுமுணுத்த காதல் பாட்டும் ரீதிகௌளையில் அமைந்தவை. மேடையில் அந்த ராகம் வந்தால் 'எங்கேயோ கேட்டிருக்கோமே' என்று தோன்றும். ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த உணர்வு வந்தால் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள்.

பாட்டெல்லாம் தெலுங்கா இருக்கே?

நியாயமான கேள்வி. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்தது திருவாரூரில்தான். ஆனால் எழுதியது பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்தில் இருந்துதான் 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

பெங்களூரு மேடையில் இவற்றோடு புரந்தரதாசரின் கன்னடப் பாடல்களும் நிறைய கேட்கும். தமிழும் வரும். ராமநவமி என்பதால் 18-ஆம் நூற்றாண்டு அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாடல் ஒன்று வந்தால், வார்த்தைக்கு வார்த்தை புரிந்து கேட்கும் சுகம் தனி.

இது நமக்கான இடமா?

பலர் வெளியே சொல்லாத தயக்கம் இது. வீட்டில் யாரும் பாட்டு கற்றதில்லை, கச்சேரி கேட்கும் குடும்பத்தில் பிறக்கவில்லை, உள்ளே போனால் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று.

கர்நாடக இசை உலகம் சாதியாலும் பாலினத்தாலும் ஆட்களை வெளியே நிறுத்தியது உண்மை. நஞ்சன்கூட்டில் பிறந்து, தேவதாசி மரபில் வந்தவர் பெங்களூரு நாகரத்தினம்மாள் (1878–1952). திருவையாற்றில் தியாகராஜருக்கு நினைவிடம் எழுப்பியது அவருடைய சொந்தப் பணம். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லோரும் சேர்ந்து நடத்தும் நிலை வந்தது. 2015-ல் டி.எம். கிருஷ்ணா இனி சென்னை டிசம்பர் சீசனில் பாடப் போவதில்லை என்று அறிவித்தபோதும் சாதி பற்றிய கேள்வியே மையமாக இருந்தது.

இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அது முடியட்டும் என்று வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. டிக்கெட் எடுத்தவருக்கு நாற்காலி உண்டு. டிரெஸ் கோடு கிடையாது, ஆபீஸ் ஜீன்ஸோடு ஐ.டி. கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பணம் கொடுத்துப் பார்க்கத் தயக்கமாக இருந்தால், இதே சீசனில் கோயில்களிலும் ராம மந்திரங்களிலும் நடக்கும் இலவசக் கச்சேரியில் தொடங்குங்கள்.

எப்போது எழுந்து போகலாம்?

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கும் பாத்ரூமுக்கும் கூட்டம் எழுவது பழைய கெட்ட பழக்கம். இரண்டு மணி நேரம் பின்னணியில் வாசித்த மிருதங்கக் கலைஞருக்கு முழு மேடையும் கிடைப்பது அந்தப் பத்து, இருபது நிமிடம்தான். அப்போது எழுந்து நடப்பது அவர் முகத்துக்கு நேராக நடப்பது.

கடைசி ரயிலைப் பிடிக்கணும் என்றால், மெயின் பாட்டு முடிந்து தனி தொடங்கும் முன் எழுந்துவிடுங்கள். அல்லது தனி முழுவதும் இருந்து, கைதட்டிவிட்டுக் கிளம்புங்கள். நேரம் இருந்தால் இரண்டாவதே நல்லது. நீங்கள் தொடையில் எண்ணிய அதே எட்டு எண்ணிக்கையை அவர் எப்படியெல்லாம் உடைத்து, கடைசியில் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். அந்த இடத்தில் பந்தலே கைதட்டும். நீங்களும் தட்டுவீர்கள்.

முதல் முறை போகும்போது கையில் என்ன?

தண்ணீர் பாட்டில், சின்னக் குடை, ரயிலுக்கு சார்ஜ் செய்த மெட்ரோ கார்டு. போனை சைலன்ட்டில் போடுங்கள், வீடியோ எடுக்க வேண்டாம். பாடிய ராகத்தின் பெயரைப் பாடகர் சொல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் பாட்டு முடிந்ததும் கேளுங்கள். சொல்வதற்காகவே காத்திருப்பவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது இருப்பார்கள். அந்தப் பெயரை போனில் குறித்துக்கொண்டு, மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் அதே ராகத்தை வேறொருவர் பாடிக் கேளுங்கள். அடுத்த கச்சேரிக்கு நீங்கள் புது ஆள் இல்லை.