அண்மையும் சேய்மையும்



ஆங்கிலத்தில் 'இம்மீடியட்' என்றொரு பெயரடை உண்டு. நீங்கள் நாள்தோறும் காணும் சொல் அது. விடை விரைந்து வேண்டுமென்று கேட்பவரும் அச்சொல்லை எழுதுகிறார். வீட்டை ஒட்டி வாழும் அயலாரைக் குறிக்கவும் அது வரும். தாய், தந்தை, மனைவி, மக்கள் ஆகிய நெருங்கிய உறவினரைக் குறிக்கவும் வரும். அலுவலகத்தில் நமக்கு நேர்மேலே இருக்கும் அதிகாரியைக் குறிக்கவும் வரும். காலம், இடம், உறவு, பதவி ஆகிய நான்கிலும் ஒரே சொல் புகுந்து பணி செய்கிறது. வரலாற்றுப் பாடத்திலோ அதற்கு ஐந்தாவது பணி ஒன்றும் உண்டு. 'உடனடிக் காரணம் யாது?' என்று வினாத்தாளில் வந்து நிற்கிறதே, அதுதான். அந்த ஐந்தாவது பணியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'மீடியுஸ்' என்றால் நடு. அதன் முன் இன்மையைக் காட்டும் ஓர் ஒட்டுச் சேர்ந்து, 'நடுவில் ஒன்றும் இல்லாதது' என்னும் பொருளில் இச்சொல் தோன்றிற்று. 15ஆம் நூற்றாண்டளவில் அது ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. ஜெர்மானியரும் இதே கருத்தை 'நடுவற்றது' என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர். இடைக்கால ஐரோப்பாவில் நூரம்பெர்க் போன்ற சில நகரங்கள், நடுவில் எந்தக் குறுநிலத் தலைவனுக்கும் கட்டுப்படாமல், பேரரசருக்கு மட்டுமே நேராகக் கட்டுப்பட்டிருந்தன. அந்த நேர்த்தொடர்பையும் இச்சொல்லாலேயே குறித்தனர்.

'மீடியுஸ்' என்னும் அதே வேரிலிருந்து கிளைத்ததே 'மீடியம்' என்னும் சொல். அதைத் தமிழில் ஊடகம் என்கிறோம். 'ஊடு' என்றால் நடு. நீங்களும் நானும் இப்பொழுது நேர்முகமாக இல்லை. நம் இருவருக்கும் ஊடே வானொலி நிற்கிறது. ஆகவே, ஊடகத்திற்கு எதிர்ச்சொல் தேடினால், 'ஊடு அற்றது' என்பதே அந்த ஆங்கிலப் பெயரடையின் நேர்ப்பொருளாக அமையும்.

தமிழ், இப்பொருளைப் பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. வீட்டிற்கு அண்டை வீடு, உறவிற்கு நெருங்கிய உறவு, பதவிக்கு நேர் அதிகாரி, காலத்திற்கு உடனடி என்று இடத்திற்கேற்பச் சொல் மாறுகிறது. தேர்ச்சி பெறாதவர் அடுத்த ஆண்டுவரை காத்திராமல் எழுதும் தேர்வை 'உடனடித் தேர்வு' என்று அழைப்பதை மாணவர் அறிவர். இதில் வரும் 'உடன்' என்பது முதலில் கூடியிருத்தலைக் குறிக்கும் சொல். உடன்பிறந்தார், உடன் வந்தார் என்னும் தொடர்களைக் காண்க. 'என்னுடன் வந்தான்' என்பதில் இடத்தின் நெருக்கம் இருக்கிறது. 'உடனே வந்தான்' என்பதில் காலத்தின் நெருக்கம் இருக்கிறது. ஏகாரம் ஒன்றே இடத்தைக் காலமாக மாற்றிவிட்டது!

'அண்மை' என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. 'அண்மையில் உள்ள ஊர்' என்றால் இடம். 'அண்மையில் நடந்த நிகழ்ச்சி' என்றால் காலம். அண்டை, அணுகு, அணுக்கம் ஆகியன இதன் உறவுச் சொற்கள். இராசேந்திர சோழன் காலத்தில் திருவாரூர்க் கோயிலுக்குப் பெருந்தொண்டு செய்த பரவை நங்கையாரைக் கல்வெட்டு 'அணுக்கியார்' என்று குறிக்கிறது. மன்னனுக்கு நெருக்கமானவர் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

அண்மைக்கு எதிர்மொழி சேய்மை. இவ்விரண்டையும் நம் இலக்கணம் எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது! 'இவன்' என்றால் அண்மைச் சுட்டு. 'அவன்' என்றால் சேய்மைச் சுட்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதைக் குறிக்க 'உவன்' என்னும் சுட்டும் உண்டு. தமிழகத்துப் பேச்சில் அது வழக்கொழிந்தது; யாழ்ப்பாணத்தார் நாவில் வாழ்கிறது. விளிக்கும் முறையும் இவ்வாறே. அருகில் நிற்பவனைத் 'தம்பி' என்றால் போதும். ஏரிக்கரைக்கு அப்பால் நிற்பவனைத் 'தம்பீஇ' என்று நீட்டி அழைக்கவேண்டும். அருகிலிருப்பதற்குக் குறைந்த முயற்சி, தொலைவிலிருப்பதற்கு மிகுந்த முயற்சி. காரணங்களைத் தேடுவதிலும் நிலை இதுவேயாகும். அண்மைக் காரணம் தானே வந்து கண்ணில் படும். சேய்மைக் காரணத்தையோ நாம்தான் கூவி அழைக்கவேண்டும்.

இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்களுள் முற்பட்டவர் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கி.மு. 431இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. இரு தரப்பாரும் வெளிப்படையாகக் கூறிய குறைகள் சில இருந்தன. துசிடிடீஸ் அவற்றை ஒன்றுவிடாமல் எழுதினார். எழுதிவிட்டு, உண்மையான காரணம் வேறு என்றார். ஏதென்சின் வலிமை வளர்ந்ததும், அது கண்டு ஸ்பார்ட்டா அஞ்சியதுமே அக்காரணம் என்பது அவர் முடிபு.

இனி நம் நாட்டுச் சான்று ஒன்றைக் காண்போம். 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள், பொழுது புலராத வேளையில், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலப் படையினரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையின்மேல் திப்பு சுல்தானின் கொடி ஏறிற்று. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்து, அன்று முற்பகலிலேயே கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

இதன் உடனடிக் காரணம் யாது? தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் இவ்வினாவிற்கு நான் திருத்திய விடைத்தாள்கள் கணக்கிலடங்கா. 'புதிய தலைப்பாகை' என்ற ஒரே வரியில் பெரும்பாலோர் நிறுத்திவிடுவர். விடை தவறன்று. படைத் தலைவர் கிரடாக்கின் காலத்தில் புதுவகைத் தலைப்பாகை புகுத்தப்பட்டது. அதில் தோல் அணி இருந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி கூடாது, தாடி வைக்கலாகாது என்னும் ஆணைகளும் பிறந்தன. இந்துக்களும் இசுலாமியரும் ஒருசேர உள்ளம் புண்பட்டனர். மே மாதத்திலேயே தலைப்பாகையை மறுத்தவர்கள் கசையடி பெற்றனர்.

ஆயினும், தலைப்பாகை ஒன்றே ஒரு கோட்டையைப் பிடிக்கச் செய்யுமா? 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அவர் மக்கள் கொண்டுவந்து வைக்கப்பட்ட இடம் இதே வேலூர்க் கோட்டை. அவ்வாண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் அதே முடிவை எய்தினர். கருநாடக நவாபின் ஆட்சி அவ்வாண்டிலேயே கும்பினியாரிடம் சென்றது. ஏழே ஆண்டுகளில் பழைய தலைமைகள் பலவும் சாய்ந்துவிட்ட நிலத்தில், தலைப்பாகை ஒரு தீப்பொறியாக விழுந்தது. பொறி அண்மை, உலர்ந்த விறகு சேய்மை. விசாரணைக் குழுவினரும் உடை மாற்றத்தோடு திப்புவின் குடும்பம் கோட்டையில் இருந்ததையும் சேர்த்தே காரணமாகக் கூறினர். ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

பழங்கதை நமக்கு எதற்கு என்று எண்ணுவோர் இருக்கலாம். அவர்களுக்காக என் ஊருக்கே வருகிறேன். நான் வாழும் திருமுடிவாக்கம், தாம்பரத்திற்கு வடமேற்கே, சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூருக்கு அண்டையில் உள்ளது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து, திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் கலக்கிறது. ஏரியின் மதகுகள் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் வெளியாகும் எச்சரிக்கையில் எங்கள் ஊரின் பெயர் தவறாமல் இடம்பெறும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள், பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்திலிருந்து அன்றிரவு நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறிற்று. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மக்கள் மொட்டைமாடிகளில் நின்றனர். சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரை அடையாற்றங்கரை முழுதும் நீருள் மூழ்கியது.

வெள்ளம் வடிந்தபின் எங்கள் தெருப் பிள்ளைகளிடம், "வெள்ளம் ஏன் வந்தது?" என்று கேட்டேன். "ஏரியைத் திறந்துவிட்டார்கள், ஐயா" என்றனர் சிலர். "மழை மிகுதி, ஐயா" என்றனர் வேறு சிலர். இரண்டும் அண்மைக் காரணங்கள், இரண்டும் மெய். "அம்மழைக்கும் நம் வாசலுக்கும் நடுவே என்னென்ன இருந்தன?" என்று நான் மேலும் கேட்டபோது ஒருவரும் வாய்திறக்கவில்லை. நாமே எண்ணிப் பார்ப்போம்.

நடுவே முதலாவதாக இருந்தது நவம்பர் மாதம். அம்மாதத்தில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிந்து, நிலம் குடிக்கக்கூடிய அளவு குடித்து நிறைந்திருந்தது. இரண்டாவது, அடையாற்றின் தலைப்பக்கம். ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிநீரும் அவ்வாற்றுக்கே வருகிறது. செம்பரம்பாக்கத்து நீர் கலப்பதற்கு முன்னரே அந்நீர் முடிச்சூரைச் சூழ்ந்துவிட்டது. மூன்றாவது, நம் நாட்டு ஏரிகளின் அமைப்பு. ஒன்று நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. சங்கிலி போன்ற இத்தொடரில் ஒரு கால்வாய் தூர்ந்தாலும், ஓர் ஏரி மனைகளாக மாறினாலும், அதற்குரிய நீர் தெருவைத்தான் தேடும். நான்காவது, நம் வளர்ச்சி. நெல் விளைந்த நிலங்களில் வீடுகளும் தொழிற்பேட்டையும் எழுந்தன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீள வெளிவட்டச் சாலை இப்பகுதியைக் கடந்து சென்றது. சாலையும் தொழிலும் வேண்டாம் என்பார் யார்? அவற்றால் பிழைப்போர் பல்லாயிரவர். ஆனால் மழைநீருக்குப் பழைய வழி அடைபட்டால் புது வழி விடவேண்டும் என்பதே கேள்வி.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது மிகத் தொலைவில் உள்ளது. இதே காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலையால் ஆண்டுதோறும் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது ஊராரே தேர்ந்த குழுவின் கடமையாக அன்று இருந்தது. அக்கடமை ஊராரின் கையைவிட்டு நழுவி, யாரோ ஒருவருடைய வேலை என்று ஆன நாளில், வெள்ளத்தின் சேய்மைக் காரணம் ஒன்று பிறந்துவிட்டது.

1976, 1985, 2005 ஆகிய ஆண்டுகளிலும் அடையாறு கரைபுரண்டது. ஒவ்வொரு முறையும் அண்மைக் காரணத்தைக் கண்டோம். கண்டவுடன் மனநிறைவு கொண்டோம். 2015க்குப் பின் வந்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் ஏரி நிருவாகத்தின் குறைகளையும் எடுத்துக்காட்டி, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கூறிற்று. அவ்வறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

அண்மைக் காரணத்தை நான் இகழ்வதாக எண்ணிவிடாதீர்கள். இரவில் நீர் ஏறும்போது சோழர் கல்வெட்டை ஆராய்ந்துகொண்டிருப்பவன் மூழ்கிப்போவான். மதகு எப்போது திறக்கப்படும், எத்தனை கன அடி, நம் தெருவுக்கு எப்போது வரும் என்பனவே அப்போது அறியத்தக்கவை. அந்த இடைவெளியில் வானொலி சொல்லும் ஓர் எச்சரிக்கை உயிர்களைக் காக்கும். நீர் வடிந்தபின்னர்த்தான் வரலாற்று மாணவனின் வேலை தொடங்குகிறது.

அவ்வேலைக்கு அந்த ஆங்கிலச் சொல்லே ஒரு கருவியாகும். ஒரு காரணத்தை 'நடுவில் ஒன்றும் இல்லாதது' என்று எவரேனும் கூறினால், நடுவில் உண்மையாகவே ஒன்றும் இல்லையா என்று நாம் தேடவேண்டும். 'உடனடிக் காரணம்' என்னும் தொடர் காலத்தின் நெருக்கத்தை மட்டும் காட்டுகிறது. ஆதலால் 'அண்மைக் காரணம்' என்று வழங்குதல் எனக்கு உவப்பு. அண்மை என்று சொன்ன அளவிலேயே, சேய்மை ஒன்று உண்டென்பது நினைவுக்கு வரும் அன்றோ?

ஆகவே மாணவர்களே, தேர்வில் அவ்வினா வந்தால் தலைப்பாகையை முதல் வரியில் எழுதுங்கள். அதற்குரிய மதிப்பெண் உங்களுக்கு உண்டு. எழுதிவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்துவிடாதீர்கள். வேலூருக்கும் சீரங்கப்பட்டணத்திற்கும் நடுவே ஏழாண்டுகள் கிடக்கின்றன. உங்கள் ஊர் ஏரிக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவே எவ்வளவு கிடக்கிறது என்பதை, அடுத்த மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை நடந்து பார்த்து வாருங்கள்.