பண்ணைவீட்டுப் பெறாமகள்: விக்ரோறியாக்கால இங்கிலாந்தின் குடும்ப வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பண்ணைகளில், தாய் தந்தையரை இழந்த உறவுக் குழந்தையை வளர்த்தெடுத்த தம்பதியர் பலராவர். அக்குழந்தை அவ்வீட்டின் மகளாக வாழ்ந்தாளா, அன்றிச் சம்பளமில்லாப் பணிப்பெண்ணாக வாழ்ந்தாளா? இத்தகைய குடும்பங்களின் வரலாற்றை ஆராய்வோர் விடை காணவேண்டிய முதன்மையான வினா இதுவேயாகும்.

1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் உறவுமுறை கேட்கப்படவில்லை. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவினர் என்பது பதியப்பட்டது. ஆயினும், தமிழர் பெறாமகள் என்றும் மருமகள் என்றும் பிரித்துணரும் உறவுகளை ஆங்கிலேயர் 'நீஸ்' என்ற ஒரே சொல்லால் குறித்தனர். அவள் கணவன் வழியினளா, மனைவி வழியினளா என்பதை அச்சொல் உணர்த்தாது. 1837 யூலையில் தொடங்கிய பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளுடன் ஒப்பிட்டே அதனைத் துணிதல் வேண்டும்.

1601ஆம் ஆண்டு வறியோர் சட்டம், வறியவரைத் தாங்கும் கடமையைப் பெற்றோர், பாட்டன் பாட்டியர், பிள்ளைகள் ஆகியோர் மீதே சுமத்தியது. மாமன், சிற்றப்பன், பெரியதாய் ஆகியோர் அதற்குட்படவில்லை. எனவே, அவர்கள் அநாதைக் குழந்தையை ஏற்றமை சட்டத்தின் வற்புறுத்தலால் அன்று. 1834ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின், ஏற்பாரற்ற குழந்தையை எதிர்நோக்கியிருந்தது வறியோர் விடுதியே.

அன்போடு தேவையும் கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. வெண்ணெய் கடைதல், பாற்கட்டி செய்தல், கோழி வளர்த்தல் என்பன பெண்களின் உழைப்பை வேண்டி நின்றன. ஜோர்ஜ் எலியற் 1859இல் வெளியிட்ட 'அடம் பீட்' நாவலிலும், பண்ணைக்காரரின் அநாதை மருமகள் பாற்கூடத்திலேயே உழைக்கின்றாள். எனினும், பெற்ற மகளிரும் அவ்வேலைகளைக் கூலியின்றியே செய்தனர். ஆதலின், உழைப்பை மட்டும் கொண்டு அவளைப் பணிப்பெண்ணெனத் துணிதல் பொருந்தாது.

வேறுபாடு துலங்கியது ஆதன உரிமையிலேயே. பிள்ளைகளில்லாத பண்ணைக்காரர் மரணசாசனமின்றி இறந்தால், விதவையின் பங்கு நீங்க, எஞ்சிய அசையும் ஆதனம் அவருடைய இரத்த உறவினரையே சேர்ந்தது. சகோதரனின் மகளுக்குப் பங்கு கிடைப்பினும், வேறெங்கோ வளர்ந்த அவளது உடன்பிறந்தாரிலும் அது கூடியதன்று. மனைவியின் சகோதரி மகளுக்கோ எதுவுமில்லை. 1882ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டத்துக்கு முன், வளர்த்த தாயும் கணவனின் இசைவின்றிப் பொதுவாக மரணசாசனம் எழுத இயலாதவளாயிருந்தாள். மகவேற்பை அந்நாட்டுச் சட்டம் ஏற்றது 1926இலேயே. மகவேற்புப் பிள்ளைக்கு வளர்த்தோரின் ஆதனத்தில் மரபுரிமை கிட்டியது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தாலாகும்.

ஆகவே, வளர்த்த பிள்ளைக்கெனப் பசுவொன்றோ, கட்டிலொன்றோ, சிறு தொகையோ ஒதுக்கும் மரணசாசன வரி குடும்ப வரலாற்றில் பெருமதிப்புடையது. சட்டம் இரத்தத்தையே கண்டது. வளர்ப்பை எழுத்தில் நிலைநாட்டும் பொறுப்பு வளர்த்தோரிடமே விடப்பட்டிருந்தது.