பொன்வயலில் ஒரு பற்றுக்கோடு

பொருள் தேடிக் கடல் கடந்த தமிழரைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். இலங்கையின் தேயிலை மலைகளும் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களும் நம் ஏடுகளில் பெற்ற இடத்தை, கடல் கடவாமல் நிலத்தின் வயிற்றுக்குள் இறங்கிய தமிழர் பெறவில்லை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு, அன்றைய மைசூர் அரசின் கோலார் தங்கவயலை அடைந்தோர் பல்லாயிரவர். அவர்களுள் கிறித்தவராய் வாழ்ந்தோர், இறைவனைச் சார்ந்திருத்தல் என்பதை அன்றாட வாழ்வில் எவ்வாறு பொருள் கொண்டனர் என்பதை ஈண்டுச் சிறிது காண்போம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க நிருவாகத்தை மேற்கொண்ட பின்னரே தங்கவயல் தங்கவயலாயிற்று. 1894-இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. (எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்த ஆண்டும் அதுவே. சுமையோடு நடக்கும் வழிப்போக்கனைப் பாடிய காப்பியம் பிறந்த ஆண்டில், சுமையோடு நம் மக்கள் அவ்வண்டியில் வந்திறங்கினர்.) 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்து எந்திரங்களை இயக்கிற்று. துரைமார் பங்களாக்களில் வாழ்ந்தனர். தொழிலாளர்க்கு மூங்கில் தட்டிக் குடிசைகளே வாய்த்தன.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடக்கும். அதனினும் அஞ்சத்தக்கது, அழுத்தம் தாங்காது பாறை தானே வெடித்துச் சிதறும் ‘ராக் பர்ஸ்ட்’. அதற்கு முன்னறிவிப்பு இல்லை. 1962-இல் சாம்பியன் ரீஃபில் நேர்ந்த பெருவெடிப்பு அதன் கொடுமைக்குச் சான்று. கேஜில் இறங்கியவர் ஷிஃப்டு முடிந்து ஏறி வருவார் என்பது எந்த இல்லத்திலும் உறுதியாய்ச் சொல்லத்தக்க செய்தியன்று. பாறையின் சீற்றத்துக்குத் தப்பியவரைத் தூசி விடவில்லை. 1940 முதல் 1946 வரை நடந்த ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருப்பது தெரியவந்தது.

இத்தகைய ஊரில் கடவுளை நம்புதல் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பொருளாய் மட்டும் நின்றிருக்க இயலாது. அன்றைய உணவை அன்றன்று வேண்டும் கிறித்தவ மன்றாட்டு, நாட்கூலியால் வாழ்ந்தவர்க்கு உருவகமன்று, உள்ளபடியான கணக்கு. விவிலியத்தில் யோபு ஆகமத்தின் 28-ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலையே பாடுகிறது. மனிதன் இருளைத் துளைத்து, மலைகளின் அடிவேரைப் புரட்டிப் பொன்னையும் மணியையும் எடுத்துவிடுகிறான். ஞானத்தை மட்டும் அவ்வாறு தோண்டி எடுக்க முடியவில்லை என்பது அதன் கருத்து. உலகில் வேறெந்தச் சபையாரைக் காட்டிலும் தங்கவயலாருக்கு அப்பகுதி உரை வேண்டாமலே விளங்கியிருக்கும் என்பது நம் துணிபு.

ஆயினும் இந்நம்பிக்கையைத் தலைவிதிக் கொள்கையோடு ஒன்றாய் எண்ணுவது பிழை. விதியென்று கைகட்டி நிற்பவன் கூரையை அண்ணாந்து பார்க்கமாட்டான். தங்கவயல் தொழிலாளியோ பாறையைத் தட்டி அதன் ஒலியைக் கேட்டான். மரமும் கருங்கல்லும் அடுக்கி முட்டுக் கொடுத்தான். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் எஞ்சும் அச்சமே மன்றாட்டுக்கு உரியது.

இங்கிலாந்தின் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார் பலர் மேற்பார்வையாளராய் இங்கு வந்தனர். அவர்தம் முன்னோரிடையே 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி பன்முறை சென்று உபதேசித்திருந்தார். ஆபத்தும் பக்தியும் கலந்த அம்மரபும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை மரபும் ஒரே சுரங்க வாயிலில் சந்தித்தன. கத்தோலிக்கரும் தம் ஆலயங்களை எழுப்பினர். சாம்பியன் ரீஃபில் வெற்றி அன்னையின் பெயரால் ஒன்று விளங்குகிறது. கன்னட நாட்டில் தமிழ் வழிபாட்டு மொழியாய் நிலைத்ததும் இவ்வாலயங்களால் விளைந்த நன்மை. எனினும், ஒரே ஆண்டவரை வணங்கியும் கூலியிலும் குடியிருப்பிலும் இருதிறத்தார்க்கும் இடையே இருந்த வேறுபாட்டை மறைத்து எழுதுதல் வரலாறாகாது.

‘விசுவாசம்’ என்னும் சொல்லுக்கு வழக்கில் இரு பொருள் உண்டு. எசமானுக்குக் காட்டுவது ஒன்று; இறைவன்பால் வைப்பது மற்றொன்று. சுரங்க நிருவாகம் எதிர்பார்த்தது முன்னதை. 1930-இல் கைரேகை பதித்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தபோது, இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது புலனாயிற்று. கடவுளைச் சார்ந்தவன் கம்பெனிக்கு அடிமையாதல் வேண்டுவதில்லை. அதே மக்களுள் ஒரு சாரார் அயோத்திதாசப் பண்டிதர் வழிநின்று, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டு வேறொரு விடையைத் தேடினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒடுக்கப்பட்டோரின் தன்மானமே இரு தேடல்களுக்கும் அடியில் இருந்தது.

உண்மையான சோதனை பாறையால் வரவில்லை. தாதின் வறட்சியால் வந்தது. தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு 40 கிராமுக்கு மேல் பொன் தந்த தாது, இறுதியில் 3 கிராம் அளவுக்குத் தேய்ந்தது. 1956-இல் மைசூர் அரசிடமும் பின்னர் மைய அரசிடமும் சென்று, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமான அச்சுரங்கம், 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. உயிருக்கு அஞ்சிய வீடுகள் அன்றுமுதல் உலைக்கு அஞ்சின. நான்கு தலைமுறையாய்ச் சங்கொலியால் நாளைப் பகுத்தவர்க்கு, கம்பெனியை நம்பியது எவ்வளவு, கடவுளை நம்பியது எவ்வளவு என்னும் வினா அப்போதுதான் நேருக்குநேர் எழுந்திருக்க வேண்டும். சிலர் ஊரை விட்டு அகன்றனர். பெரும்பாலோர் சயனைடு மேடுகளின் நிழலில், பழைய லைன் வீடுகளிலேயே தங்கினர்.

அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை இரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அப்பாலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர். முன்பு கேஜ் ஏறி வருவோருக்காகக் காத்திருந்த வீடுகள், இப்போது மாரிக்குப்பம் வண்டிக்காகக் காத்திருக்கின்றன.