பிணையும் சரக்கும்

அல்லைப்பிட்டி அடங்கிய யாழ்ப்பாணத் தீவகம் ஒரு காலத்தில் தென்னிலங்கைக்குக் கடைக்காரரை அனுப்பிய நிலம். ஊரார் கடையில் எடுபிடியாகச் சேரும் பொடியன், சில வருடத்தில் முதலாளி கடனாய்த் தரும் சரக்கோடு தனிக்கடை போடுவான். அவனுக்கு முதல், முதலாளியின் நம்பிக்கைதான். 1983 யூலைக் கலவரத்தில் எரிந்த கடைகளோடு இந்த ஏணியும் பெரும்பாலும் போயிற்று. 2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போனார்கள். தச்சும் மேசன் வேலையும் தையலும் பழகினார்கள். வெளியே வந்தவர்களுக்கு 250,000 ரூபா வரை சுயதொழில் கடன் அறிவிக்கப்பட்டது. ஆனால் வங்கி வழக்கமாகக் கேட்பது பிணையாளிகளை, அதுவும் மாதச் சம்பளக்காரரை. புலனாய்வாளர் வந்து விசாரிக்கும் வீட்டுக்காரனுக்கு யார் கையெழுத்து வைப்பார்?

2006இல் ஷெல்லடியில் சிதறி இடம்பெயர்ந்த அல்லைப்பிட்டிச் சனத்துக்கு முன்னுரிமை வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும்தான். ஆயினும் முன்னாள் போராளியின் கடையை நம்பி இருப்பதும் அதே சனத்தின் ஒரு குடும்பமே. கடன் திரும்பாது என்பார்கள். சரக்காகக் கொடுத்து விற்றபின் வசூலித்த முதலாளிமாருக்கும் அந்த ஆபத்து இருந்தது, அருகிருந்து பார்த்துச் சமாளித்தார்கள். புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள் கோயில் கோபுரத்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கையாவது பிணை நிதியாக ஒதுக்கட்டும்.