கம்பி எட்டாத வீட்டின் விளக்கு

1902ஆம் ஆண்டில், சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிற் பிறந்த மின்விசை, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழிச் சென்று கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கிற்று. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெருந்தொகையினர் நம் தமிழ் மக்களே. 1905 ஆகஸ்டு 5ஆம் நாள் அம்மின்விசை பெங்களூர்த் தெருக்களில் விளக்காய் ஒளிர்ந்தது. சுரங்கம் முந்திற்று, நகரம் அடுத்து வந்தது, சிற்றூர்கள் நெடுங்காலம் காத்திருந்தன. கம்பி எட்டாத வீட்டிற்கு ஒளி தருவது எவ்வாறு?

இவ்வினாவிற்கு ஒரு விடை மேலைநாட்டில் முன்பே பிறந்திருந்தது. 1816இல் ஸ்காட்லாந்தின் சமயப் போதகர் ராபர்ட் ஸ்டெர்லிங் ஒரு வெப்பக்காற்றுப் பொறிக்கு உரிமை பெற்றார். அதன் உள்ளே அடைபட்ட காற்று, ஒருபுறம் சூடேறி விரியும். மறுபுறம் குளிர்ந்து சுருங்கும். அவ்வசைவே சக்கரத்தைச் சுழற்றும். நெருப்பு வெளியே எரிவதால் விறகாயினும் உமியாயினும் மண்ணெண்ணெயாயினும் ஏற்கும். நீராவி இல்லை; ஆதலின் கொதிகலன் வெடிக்கும் அச்சமும் இல்லை. ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனத்தார், மின்சாரம் இல்லாத இடங்களில் வானொலி இயங்க வேண்டுமென்று இப்பொறியை மீண்டும் ஆராய்ந்தனர். 1950களின் தொடக்கத்தில் 200 வாட் அளவுள்ள மின்னாக்கிகளை ஏறத்தாழ 150 செய்து முடித்தனர். ஆனால் சிறு மின்கலத்திலேயே பாடும் டிரான்சிஸ்டர் வானொலி வந்தது. பொறியின் தேவை மறைந்தது.

நம் பெங்களூரிலோ வினா வேறு வகையாய் எழுந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டி 1974இல் 'அஸ்த்ரா' என்னும் சிற்றூர்த் தொழில்நுட்ப அமைப்பைத் தொடங்கினார். தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் ஊரில், சாண எரிவாயுவால் அடுப்பெரிப்பதே முதலில் இட்ட திட்டம். சாணம் அதற்குப் போதவில்லை. மக்களும் ஆர்வம் காட்டவில்லை. அவர்கள் வேண்டியது குடிநீர்! ஆகவே 1987இல், எரிவாயுவையும் சிறிது டீசலையும் கலந்து ஓடும் எஞ்சினால் மின்சாரம் ஆக்கப்பட்டது. அது ஸ்டெர்லிங் பொறியன்று. ஊர்ப்புறத்திற்குப் பழகிய டீசல் எஞ்சினே. ஆழ்குழாய்க் கிணற்று நீர் குழாயில் வந்தது. மாலையில் வீடுகளில் விளக்கு எரிந்தது. சாணம் கொணர்ந்தவர்க்குக் கிலோவுக்கு 2 பைசா கிடைத்தது. எருவும் அவர்க்கே திரும்பிற்று. எஞ்சினை இயக்கியவரும் ஊர் இளைஞரே.

பொறியின் நுட்பத்தில் ஹாலந்து முந்தியிருக்கலாம். எனினும் வீட்டாரை வினவி, அவர் வேண்டியதை முதலில் வைத்த பெருமை புராவிற்கே உரியது. ஒரு வீட்டின் விளக்கு, பொறி ஒன்றினால் மட்டும் எரிவதன்று. எரிபொருள் தருவோரும், அதனைப் பேணுவோரும், பயனைப் பகிர்வோரும் கூடினால்தான் எரியும். பொத்தானை அழுத்தியதும் ஒளி பெறும் நம் காலனிக் குடும்பங்கள், கம்பிக்காகக் காத்திருந்த நம் முன்னோரின் இல்லங்களை நினைக்குமாயின், இவ்வரலாற்றின் அருமை விளங்கும்.